கம்பம் நட்ட பிறகு மேலே போனவர்கள்

அன்று தோப்பில் இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். கரையேற்றச் சபையைச் சேர்ந்த ஆண்கள் பதினேழு, பெண்கள் பத்தொன்பது, அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி என் மனைவி மயிலாத்தாள். காய் வெட்ட வந்த ஆறுச்சாமியும் அவன் தம்பியும் இரண்டு. காய் பொறுக்க வந்த பெண்கள் மூன்று. லாரிக்காரர் ஒருவர். காய் எண்ண வந்த நான் ஒருவன். நாய் ஒன்றும் மாடு இரண்டும் இருந்தன, அவற்றைச் சபைக்காரர்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் நானும் சேர்க்கவில்லை.

உலகம் அன்று முற்பகல் பதினொன்று இருபதுக்கு முடிவதாக இருந்தது. சபைத் தலைவர் அருள்வாசகம் ஐயா பட்டணத்தில் முப்பத்திரண்டு வருஷம் பூகோள வாத்தியாராக இருந்தவர், பூமியை நன்றாக அறிந்தவர், ஆகையால் அது முடிகிற நேரத்தையும் அவரே கணித்திருந்தார். அதே நாளில் காய் வெட்டும் விழுந்தது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்பது மரத்தின் கணக்கு, அதை யாரும் மாற்ற முடியாது, குத்தகை வியாபாரி லாரியை அனுப்பிவிட்டார், ஐயாவும் பெருந்தன்மையாக, உலகம் போகிறபோது காய் மரத்தில் இருந்தால் என்ன, லாரியில் இருந்தால் என்ன, வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தோப்பு வால்கரட்டுப்புதூரிலிருந்து மூன்றரை கிலோமீட்டர், கரட்டு அடிவாரத்தில், வண்டித்தடம் முடிந்து ஆட்டுத்தடம் தொடங்குகிற இடத்தில், பதினான்கு ஏக்கர், தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு மரம். நான்கு வருஷத்துக்கு முன்னால் சபை அதை வாங்கி, வாங்கிய மாதமே சுற்றிலும் நீலப் படுதா கட்டிவிட்டது. உள்ளே தங்கம் காய்ச்சுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு, முயல் வளர்க்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. உள்ளே போய் வந்தது நானும் ஆறுச்சாமி ஆட்களும்தான். ஆறுச்சாமி நாற்பது அடி உயரத்தில் இருந்தாலும் காயைத் தவிர எதையும் பார்க்காதவன், நான் எல்லாவற்றையும் பார்த்தாலும் யாரிடமும் பேசாதவன், ஆகையால் ரகசியம் நான்கு வருஷம் பத்திரமாக இருந்தது.

ரகசியம் இதுதான். உலகம் முடிகிற நேரத்தில் அவர்கள் மேலே எழும்பிப் போய்விடுவார்கள், கடைசி ஆள் கண்ணுக்கு மறைந்ததும் கீழே எல்லாம் முடிந்துவிடும், அதற்காக உடம்பையும் மனசையும் கனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் தேங்காய்ப் பருப்பு நிறுக்கிற தராசில் ஒவ்வொருவராக ஏறி எடை பார்த்தார்கள். சட்டைப் பைகளைக் கத்தரித்து எறிந்தார்கள். மோதிரத்தை விட்டார்கள், செருப்பை விட்டார்கள், ஒரு பெரியவர் பல்செட்டைக் கழற்றி வைத்து அறுபது கிராம் குறைந்தார். சாயங்காலம் வரிசையாக நின்று மறக்கிற பயிற்சி செய்தார்கள், அதாவது ஒவ்வொருவரும் அன்றைக்கு ஓர் ஆளை மறந்துவிட்டு அதை உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர், இன்றைக்கு என் சின்ன மச்சினனை மறந்தேன் என்று வெகு சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டேன். போன வெட்டின்போது மயிலாத்தாள் முறை வந்ததும் நான் காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக் கேட்டேன். பால் ஊற்றுகிறவரை மறந்தேன் என்றாள். அதற்கு முந்தின வெட்டுக்கு வந்தபோது ஓரகத்தியை மறந்திருந்தாள். என் பெயர் வரவில்லை. அது கடைசியில் இருக்கிறதா, பட்டியலிலேயே இல்லையா என்று தெரியாமல் அன்று நூற்றுக்கு நான்கு காய் விட்டு எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அவள் தோப்புப் படுதா வரைக்கும் தயிர் கொண்டுபோனவள். அங்கே அவளை உட்காரவைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்களாம். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், சனிக்கிழமையிலிருந்து அங்கேயே இருந்துகொள்வதாகவும், ரசம் இரண்டு நாளைக்கு வரும் என்றும் என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம், எங்களுக்குள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான், நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது ரசம் தீர்ந்த மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

பதினொன்று இருபதுக்கு முப்பத்தாறு பேரும் எழும்பினார்கள். அவசரம் இல்லாமல், வேட்டி சேலை கலையாமல், தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல ஏறினார்கள். நான் அப்போது ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டில் இருந்தேன். கைக்கு இரண்டாக ஒரு வீச்சுக்கு நான்கு காய், நூறு முடிய எட்டு வீச்சு பாக்கி, நடுவில் விட்டால் எண்ணிக்கை போய்விடும், ஆகவே எட்டு வீச்சும் வீசி, ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்லி, அடையாளக் காயைத் தனியே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அதற்குள் அவர்கள் மட்டை தொடங்குகிற உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டார்கள். மயிலாத்தாள் கிழக்கு வரிசையில் பதினேழாவது மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஆறுச்சாமி மரத்தில்தான் இருந்தான், தனக்குச் சரிசமமாக வந்து நின்ற ஒரு பட்டணத்து அம்மாவிடம், கொஞ்சம் தள்ளிக்குங்க, குலை விழுகுது என்று மட்டும் சொன்னான்.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஐயா கடிகாரத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி வரை சொன்னார். நகரவில்லை.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி, மஞ்சள் பூசி, கோயில் முன்னால் நட்டுவிட்டால், பதினைந்து நாள் கழித்து அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரைக்கும் ஊர் எல்லைக்குள் இருக்கிற யாரும் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. கோர்ட்டானாலும் கல்யாணமானாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தோப்பு எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஐயா ஒன்பது கிரகத்தையும் கணக்கில் எடுத்திருந்தார், நோம்பியை எடுக்கவில்லை.

பூசாரி வெள்ளியங்கிரி சைக்கிளில் வந்து, துண்டைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"கம்பம் நட்டாச்சுங்க வாத்தியாரே. இனி ஆரும் போக முடியாதுங்க" என்றார்.

"இது உலகத்தோட முடிவுய்யா" என்றார் ஐயா மேலிருந்து.

"இருக்கட்டுங்க. நோம்பி முடிஞ்சு முடியட்டும்."

அத்துடன் அந்த விவகாரம் ஊரைப் பொறுத்தவரை தீர்ந்தது. மீதி இருந்தது பதினைந்து நாளைக்கு அவர்களை வைத்துப் பராமரிப்பது. மற்ற தேவைகளுக்கு என்ன செய்தார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. மேலே போனவர்களுக்கு அந்தத் தேவை எதுவும் இல்லை, பசி மட்டும் இருந்தது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, கம்பங்கூழைத் தூக்குப்போசியில் ஊற்றி, மூங்கிலோடு மூங்கிலை வைத்துக் கட்டி, குலை வெட்டுகிற தொரட்டியால் தூக்கிக் கொடுத்தார்கள். எட்டாதவர்களுக்கு ஆறுச்சாமி ஏறிக் கொடுத்தான். வடக்குத் தெருக் கூழில் உப்பு அதிகம் என்று மேலிருந்து ஒருவர் சொல்லப்போக, வடக்குத் தெருப் பெண்கள் இரண்டு நாள் தோப்புப் பக்கமே வரவில்லை, அவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார்கள்.

கிராம அலுவலர் வந்து அளந்து பார்த்து, ஆகாயத்தில் நிற்பதை ஆக்கிரமிப்பு என்று எழுதப் படிவத்தில் இடமில்லை என்று திரும்பிப் போனார். கம்பிக்குப் பக்கத்தில் நின்ற நான்கு பேரை மின்வாரியத்து ஆள் கெஞ்சி நகரவைத்தார். மூன்றாம் நாளுக்குள் ஊர் அவர்களை உபயோகிக்கக் கற்றுக்கொண்டது. ஆடு எந்தப் பக்கம் போனது என்று கீழிருந்து கேட்டால் மேலிருந்து சொன்னார்கள். பல்செட்டைக் கழற்றி வைத்த பெரியவர் மலைச் சாலையில் பஸ் திரும்புவதைப் பார்த்துச் சொல்வார், அவர் சொன்ன பிறகு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும், பஸ் கிடைக்கும். உலகம் முடிவதற்குள் ஒரு தடவையாவது பஸ்ஸுக்கு ஓடாமல் போய் ஏறினோம் என்று ஊரில் அவரை வாழ்த்தினார்கள்.

நான் தினமும் காலையில் போய்ப் பதினேழாவது மரத்தடியில் நிற்பேன். எருமைக்குத் தண்ணி வெச்சீங்களா என்று கேட்பாள். வைத்தேன் என்பேன். ஊறுகாய் ஜாடியைத் துணி கட்டி மூடினீர்களா என்பாள். மூடினேன் என்பேன். அப்புறம் அவள் கரட்டைப் பார்ப்பாள், நான் மரத்தைப் பார்ப்பேன். கம்பத்தைப் பிடுங்கிய நிமிஷம் அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்குவார்கள் என்று பூசாரி சொல்லியிருந்தார். உலகம் முடிகிறதைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இல்லை, அது எல்லோருக்கும் பொது. அவள் அதற்கு முன்னால் போய்விடுவாள் என்பதுதான் என் கவலை.

ஆறாம் நாள் திருப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார், சபையில் இருந்த ஒருவருக்குத் தங்கை. வந்தவர் அழவில்லை, சண்டை போடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அண்ணா, நோம்பிக்கு வாங்க என்று முறையாக அழைத்தார். அவ்வளவுதான், அண்ணன் கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் நேரில் வந்து முறையாகக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, கூப்பிடாவிட்டால் போகவும் முடியாது, அது தரையில் எப்படியோ ஆகாயத்திலும் அப்படித்தான் என்று ஊருக்கு விளங்கியது. ஊர்க் கவுன்சிலர் எல்லோருடைய வீட்டு நம்பரையும் மேலிருந்து கேட்டு எழுதிப் போன் போட்டார். மறந்துபோனதாகச் சொன்னவர்களுக்கும் நம்பர் ஞாபகம் இருந்தது. அக்காமார் வந்தார்கள், மருமகன்கள் வந்தார்கள், மறக்கப்பட்ட சின்ன மச்சினனே வந்து மாமாவை இறக்கினார். ஐயா, இறங்குகிறவர்கள் அழிவார்கள் என்று எச்சரித்தபடி இருந்தார், இறங்கினவர்கள் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினேழு பேர் இறங்கினார்கள். பத்தொன்பது பேர் பாக்கி.

என் விஷயம் ஊரில் பெரிய விவாதமானது. பெண்டாட்டியை வெற்றிலை வைத்து அழைத்தால் அவள் விருந்தாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், விருந்தாளி மூன்றாம் நாள் கிளம்பிவிடுவாள் என்றார்கள் ஒரு கட்சியார். பிறந்த வீட்டுக்காரர்தான் அழைக்க வேண்டும் என்றார்கள் இன்னொரு கட்சியார். ஆகவே மச்சான் திருமலைச்சாமிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் புதுத் துண்டோடு வந்து, அண்ணாந்து, தட்டை நீட்டினார்.

"அம்மிணி, நோம்பிக்கு வா" என்றார்.

"நீ கூப்புட்டா உன்ற ஊட்டுக்குத்தான் எறங்கோணும். அங்க எனக்கு என்ன வேலை?" என்றாள் அவள்.

"சரி, உன்ற ஊட்டுக்கே எறங்கு."

"அதுக்கு நீ எதுக்குக் கூப்படறே?"

திருமலைச்சாமி என்னைப் பார்த்தார். முறையாக அழைத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்ற சட்டத்தை ஒருத்தி மீறிவிட்டாள் என்று கூட்டமே என்னைப் பார்த்தது. நான் ஆறுச்சாமி தம்பி வைத்திருந்த காய்களை எண்ணப் போய்விட்டேன். அவை அறுபத்தொன்று. ஏற்கனவே எண்ணியவை.

கம்பம் எடுக்கிற புதன்கிழமை வந்தது. மேலே இருக்கிறவர்களை விட்டுவிட்டுக் கோயிலில் பந்தி வைக்க மனசில்லாமல், நோம்பிச் சோற்றைத் தோப்பிலேயே ஆக்கினார்கள். மூன்று அடுப்பு, இரண்டு அண்டா, ஒரு சுமை இலை. நடுப்பகல் பன்னிரண்டுக்குக் கம்பத்தைப் பிடுங்க வேண்டும். பூசாரி கோயிலில் இருந்தபடி கவுன்சிலருக்குப் போன் போட்டு, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், நேரம் நெருங்குவதாகவும் சொன்னார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நான் பதினேழாவது மரத்தடியில் நின்றேன்.

அவள் எருமையைக் கேட்கவில்லை. ஜாடியைக் கேட்கவில்லை.

"அப்ப நான் போறேனுங்க" என்றாள்.

எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவர்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டார், போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார். தோப்புக்குப் போன அந்தச் சனிக்கிழமைகூட அவள் போயிட்டு வர்றேனுங்க என்றுதான் சொன்னாள். இப்போது அந்த ஒரு சொல் குறைந்திருந்தது.

"எறங்கி வா" என்றேன்.

"கேக்கலைங்."

சமையல்காரர் கரண்டியை நிறுத்தினார். பந்திக்கு வந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது. நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். என் குரலை ஊர் கேட்டது அன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் உடனே இறங்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், இறங்குகிறவள் செய்கிற காரியம்தான், ஆனால் நின்றாள்.

"நான் மட்டும் எப்படிங்க எறங்கறது? இத்தன நாளா ஒண்ணா நின்னிருக்கறோம். இதா பதினெட்டுப் பேரு, இவிங்களைக் கூப்புட ஒருத்தரும் வல்லை. இவிங்களை விட்டுப்போட்டு நான் எறங்கிச் சோறு திங்கறதா?"

பதினெட்டுப் பேருடைய பெயரும் எனக்குத் தெரியும், எனக்கு எல்லாமே எண்ணி எழுதி வைத்துத்தான் பழக்கம். ஆனால் பதினொன்று ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது. பதினெட்டுப் பெயரை இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மேல இருக்கறவங்க அத்தன பேரும் நோம்பிச் சோத்துக்கு வந்துருங்க" என்று கத்தினேன்.

வாழ்நாளில் எண்ணாமல் நான் செய்த ஒரே காரியம் அது.

மயிலாத்தாள்தான் முதலில் இறங்கினாள், இறங்கியவள் நேராக அடுப்படிக்குப் போய் ரசத்தில் உப்புப் பார்த்தாள். பின்னால் மற்றவர்கள் இறங்கினார்கள். ஐயா மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்று, தலைமை தாங்க யாரும் இல்லாத ஆகாயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாயசம் வெல்லமா சர்க்கரையா என்று கேட்டார். வெல்லம் என்றதும் இறங்கினார். நான் எண்ணினேன், பத்தொன்பது சரியாக இருந்தது. அடையாளத்துக்கு ஒரு காயை எடுத்து வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மேலே இன்னும் பாதங்கள் தெரிந்தன.

அத்தனை பேரும் என்று நான் சொல்லியிருந்தேன். எட்டுக் கிரகம் ஒன்றுகூடிய வருஷத்தில் உலகம் முடியும் என்று நம்பி மேலே போன ஏழு பேர் முதலில் வந்தார்கள், கதர்ச் சட்டை, நின்றுபோன கைக்கடிகாரம். அடுத்து வால்நட்சத்திரத்துக்குப் பயந்து போனவர்கள் பதினொன்று, காதில் கடுக்கன். கடைசியில் வெகு உயரத்திலிருந்து, காற்றில் இலை வருவதுபோல மெதுவாக, தாது வருஷப் பஞ்சத்தில் இனி எல்லாம் முடிந்தது என்று போனவர்கள் இருபத்து மூன்று பேர், அவர்களுக்கு எடை என்பதே இல்லை. அவரவர் முடிவு நடக்காமல் போனபிறகு கீழிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை, ஆகையால் அவர்கள் இறங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஐயா அண்ணாந்து பார்த்து, அவர்கள் கால் வைக்க இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

கவுன்சிலர் போனில் பூசாரியிடம், இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். எல்லோர் காலும் தரையில் பட்ட பிறகு, பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். மேலே போக ஆள் இல்லாததால் உலகம் முடியவில்லை.

பந்தி தொடங்கியது. பெண்கள் இரண்டாவது உலை வைத்தார்கள், மூன்றாவது உலை வைத்தார்கள், வடக்குத் தெருவிலிருந்து அரிசி வந்தது, எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியும் வந்தது. கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் இப்போது மழை எப்படி என்று கேட்டார். சுமார்தான் என்றார்கள். பஞ்சத்து ஆட்கள் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கை வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடக்குத் தெருப் பெண் ஒருத்தி, உப்புச் சரியாத்தான் இருக்குதுங்க, தின்னுங்க என்ற பிறகு தின்றார்கள். மறுசோறு கேட்டார்கள், மறுபடி கேட்டார்கள். ஐயா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார், சிந்தாமல் ஊற்றினார்.

அழைத்தவன் கடைசியில் உட்கார வேண்டும் என்பது முறை. நான் அழைத்தவன், அவள் அழைத்தவன் வீட்டுக்காரி. பொழுது மேற்கே சாய்ந்து மர நிழல் படுதாவைத் தொடுகிறபோது எல்லோரும் கைகழுவி முடித்திருந்தார்கள். காலையில் வந்த இலை இருநூற்று நாற்பது. ஊராரும் சொந்தக்காரரும் முன்பே இறங்கிய பதினேழு பேரும் சேர்த்து நூற்று எழுபத்தொன்பது. மயிலாத்தாள் போகச் சபைக்காரர் பதினெட்டு. கிரகத்துக்காகப் போனவர்கள் ஏழு, வால்நட்சத்திரம் பதினொன்று, பஞ்சம் இருபத்து மூன்று. விரிக்கும்போது நடுவில் கிழிந்தது ஒன்று. சாப்பிட வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

மயிலாத்தாள் சோற்றுப் போசியைக் கீழே வைத்துவிட்டு, சித்த தள்ளி உக்காருங்க என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். இலை ஒன்று மீதி இருந்தது.